தேள்கொடுக்கு எந்த வீட்டுப் பிள்ளை?

“கையெழுத்துப் போட்டா இத்தோட முடிஞ்சுதும்மா, நீங்களும் நாளைக்கு வழக்கம்போல—”

“போடமாட்டேன்னு மூணு தடவை சொல்லியாச்சு சார், நாலாவது தடவையும்—”

“நான் பேசி முடிச்சிடறேன்—”

“—சொல்லணும்னா சொல்றேன். போடமாட்டேன்.”

இயக்குநரின் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. மீதிப் பாதி வழியாக இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே வந்தன. பெஞ்சில் உட்கார்ந்திருந்த விசில் என்கிறவனுக்கு யார் கை ஓங்குகிறது என்று கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. ஆண் குரல் ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே போனது. பெண் குரல் போட்ட இடத்திலேயே பாறாங்கல்லாகக் கிடந்தது.

“அண்ணி, நம்ம கட்சிக்காரம்மா தனியாவே ஜெயிச்சுடுவாங்க போலிருக்கு. நாம ஒரு டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடலாமா?”

“எழுந்திரிங்க தம்பி,” என்றாள் அண்ணி. கதவைத் தட்டவில்லை. தள்ளினாள்.

விசில் ஒன்பது வருடம் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன். வேலையை விட்ட பிறகும் பெயர் விடவில்லை. அண்ணி என்பவள் அவனுடைய மூத்த அண்ணனின் மனைவி. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து எழுந்தவள். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டாள். நிலையத்தின் மொத்த ஊழியர் படையும் கொழுந்தன் ஒருவன்தான்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், ஆள் வாட்டசாட்டம். இந்தப் பக்கம் ஊசியம்மா. ஐந்தடி இருப்பாள். சட்டைக் கழுத்துப் பட்டையில் மூன்று ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு முழம் பச்சை நூல் தொங்கியது. உட்காரச் சொல்லி நாற்காலி போட்டிருந்தும் நின்றுகொண்டிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் நிலையத்துக்கு வந்து முழு விஷயத்தையும் சொல்லியிருந்தாள். இந்த உலர்தாவரக் கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக அவளுக்கு வேலை, காய்ந்த செடிகளைத் தடித்த தாளில் தைப்பது. தண்டு தடிமனாக இருந்தால் நூல், மெலிதாக இருந்தால் ஒட்டுப் பட்டை. உதிர்ந்த விதையை ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் போட்டு அந்தத் தாளின் மூலையிலேயே ஒட்டிவிடுவாள். போன வாரம் நாற்பது வருடப் பழைய தாள் ஒன்று நூல் அறுந்து அவள் மேசைக்கு வந்தது, தேள்கொடுக்கு வகைச் செடி. தைத்துத் திருப்பிக் கொடுத்தாள். இப்போது தாளைக் காணோம். எடுத்ததற்குப் பதிவேட்டில் அவள் கையெழுத்து இருக்கிறது. திருப்பியதற்கு எதுவும் இல்லை.

“மன்னிப்பு வாங்கித் தர வேணாம், வேலையையும் வாங்கித் தர வேணாம்,” என்று நேற்று சொல்லியிருந்தாள். “நான் தொலைக்கலைன்னு காட்டிக் குடுங்க, போதும்.”

அண்ணி தன்னை அறிமுகம் செய்துகொண்டதும் இயக்குநர் ஊசியம்மாவைப் பார்த்த பார்வையில், வீட்டுச் சண்டைக்குப் போலீஸைக் கூப்பிட்ட மருமகளைப் பார்க்கும் மாமனார் தெரிந்தார். துப்பறிகிற அளவுக்கு இங்கே ஒன்றுமில்லை என்றார். தப்பு நடந்துவிட்டது, மனிதர்தானே, ஒத்துக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடலாம் என்றார். நாலு மணிக்குக் கீழே அரங்கில் கூட்டம். வெளியிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். அதற்குள் இது முடிய வேண்டும்.

“முடியலைன்னா?” என்று கேட்டாள் அண்ணி.

“நாளையிலேருந்து அவங்க இங்க வரவேண்டியதில்லை.”

அண்ணி மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்துப் படித்தாள். விசில் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். தட்டச்சு செய்த நாலு வரி. கடந்த வெள்ளிக்கிழமை கழிவுத் தாள்களை எரித்தபோது, என்னுடைய கவனக்குறைவால் மேற்படி தாளும் அவற்றோடு சேர்ந்து எரிந்துவிட்டது என்று இருந்தது.

“நாலு மணி வரைக்கும் நாங்க சுத்திப் பாக்கலாமா?”

“தாராளமா பாருங்க. மூணு லட்சம் தாள் இருக்கு. மணி பதினொண்ணு ஆகுது.” இயக்குநர் சிரித்தார். “கூட்டிக் கழிச்சா ஒரு நிமிஷத்துக்கு ஆயிரம் தாள்.”

வெளியே வந்ததும் விசில் தீர்ப்பு வழங்கிவிட்டான். ஆள் இவர்தான். இவ்வளவு சத்தம் போடுகிறவருக்கு உள்ளே எதையோ மூட வேண்டியிருக்கிறது. தவிர, போன வருடம் பூச்சி மருந்து வாடைக்கு மின்விசிறி வேண்டும் என்று ஊசியம்மா தனியாளாக மேலிடத்துக்கு எழுதி வாங்கிவிட்டாளாம். அந்தக் காற்று இன்னும் இவரைச் சுடுகிறது.

“கேஸ் முடிஞ்சுதா தம்பி?”

“முடிஞ்சுது அண்ணி. ஆதாரம் ஒண்ணுதான் பாக்கி.”

“அந்த ஒண்ணைத் தேடத்தான் போறோம். வாங்க.”

கூடத்துக்குப் போகும் வழியில் அறிவிப்புப் பலகையில் அழகான கையெழுத்தில் ஒரு அட்டை. இன்று மாலை நான்கு மணிக்குப் புதிய செடி ஒன்றுக்குப் பெயர் சூட்டும் கூட்டம், உரை நிகழ்த்துபவர் கூடத்தின் காப்பாளர். செடிக்குப் பெயர் வைக்கக் கூட்டம் போடுகிற ஊரில் தன் பெயரை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்களே என்று விசில் அங்கலாய்த்தான். அண்ணி அட்டையை இரண்டு தடவை படித்தாள்.

கூடம் நீளமானது. இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள், ரயில்பெட்டிகளைப்போல. பூச்சி உருண்டை வாடை மூக்கில் ஏறியது. நடுவில் நின்று எதையோ துடைத்துக்கொண்டிருந்த காப்பாளர் இவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். ஒல்லியான மனிதர், மெல்லிய குரல், சலவை கலையாத வெள்ளை மேலங்கி. ஊசியம்மாவை அக்கா என்றார், அண்ணியையும் அக்கா என்றார். உட்கார வைத்து டீ வரவழைத்தார். தன் கூட்டத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம்தான் இருக்கிறது, இருந்தாலும் அக்கா விஷயம்தான் முதலில் என்றார்.

“சாருக்குக் கோபம் வந்தா யார் பேச்சும் எடுபடாது. பணிநீக்கம்னு நின்னார். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி இறக்கிக் கொண்டாந்தேன். அந்தக் கடிதம்கூட நான் எழுதிக் குடுத்ததுதான். எவ்வளவு மென்மையா எழுத முடியுமோ அவ்வளவு மென்மையா எழுதியிருக்கேன். அக்கா, ஒரு கையெழுத்துதானே?”

“மென்மையாத்தான் இருக்கு,” என்றாள் ஊசியம்மா. “பொய்யாவும் இருக்கு.”

விசிலுக்கு மனிதர்மேல் இரக்கமாக இருந்தது. நல்லது செய்யப் போய் குட்டு வாங்குவதில் அவனுக்கும் அனுபவம் உண்டு.

காப்பாளர் மூன்றாவது அலமாரியைத் திறந்து காட்டினார். இங்கே செடிகள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன, குடும்பங்கள் லத்தீன் எழுத்து வரிசையில். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அறைகள், அறைக்குள் பழுப்பு உறைகள், உறைக்குள் தாள்கள். இது போரேஜ் குடும்பம். காணாமல் போனது இந்த நாலாவது அறையிலிருந்து.

விசில் ஒரு உறையை இழுத்துத் திறந்தான். தாளில் ஒரு செடி படுத்திருந்தது. பூங்கொத்து தேளின் வாலைப்போல் சுருண்டிருந்தது. சுருளின் முதுகில் இரண்டு வரிசை மொட்டுகள், வரிசையில் நிற்கும் பயணிகள்போல. தொட்டுப் பார்த்தான். உடனே கையை உதறினான். கண்ணுக்குத் தெரியாத முள் ஏதோ விரல் நுனியில் ஏறிவிட்டது.

“குடும்பமே அப்படித்தான்,” என்றாள் ஊசியம்மா. “மேலெல்லாம் முடி. செத்து நாப்பது வருஷம் ஆனாலும் குத்தும். தலைமுடியில தேயுங்க, போயிடும்.”

விசில் தலையில் தேய்த்தபடியே அடுத்த அறையை எட்டிப் பார்த்தான். அங்கே நறுவிலி, பழத்தை நசுக்கினால் கோந்தாக ஒட்டுமே, அந்த மரம். மரமும் தரையோடு கிடக்கிற பூண்டும் ஒரே குடும்பமா என்று கேட்டான். பெரிய கூட்டுக் குடும்பமாக இருக்கும் போலிருக்கிறதே, ஒரே அடுப்பில் எப்படிச் சமைக்கிறார்கள் என்றான்.

காப்பாளரின் மெல்லிய குரல் முதல் தடவையாகத் தடித்தது. அதைத்தான் அவர் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். நறுவிலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தேள்கொடுக்குக்கும் மற்றதுக்கும் என்ன சம்பந்தம்? தேள்கொடுக்கின் சூல்முடியைப் பார்த்தாலே தெரியுமே, கூம்புத் தொப்பி போட்டது மாதிரி, வேறு எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. முறையாகப் பிரித்தால் பதினோரு குடும்பம். உலகத்தில் பாதிப் பேர் பிரித்தாகிவிட்டது. இங்கே மட்டும் சார் பழைய புத்தகத்தைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் ஒரே வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்.

“பாகப் பிரிவினை வழக்கு,” என்றான் விசில், உறையைத் திருப்பி வைத்துக்கொண்டே. “அண்ணன் தம்பி யாராவது கோர்ட்டுக்குப் போனாங்களா?”

காப்பாளர் பேசிக்கொண்டே இருந்தார். பேசிக்கொண்டே விசில் வைத்த உறையை வெளியே எடுத்தார். இரண்டு உறை தள்ளி, இருந்த இடத்தில் செருகி, விளிம்பை உள்ளங்கையால் தட்டி நேராக்கினார். தான் அப்படிச் செய்தது அவருக்கே தெரியாது. மூச்சு விடுகிறோம் என்று யாருக்குத் தெரிகிறது?

அண்ணி டீயை முடித்துவிட்டு எழுந்தாள். கழிவுத் தாளை எங்கே எரிக்கிறார்கள் என்று கேட்டாள்.

கட்டடத்தின் பின்னால், மதிலோரம். காப்பாளர் கூட வரவில்லை, அரங்கில் நாற்காலி போடுவதை மேற்பார்வை பார்க்க வேண்டியிருந்தது. ஊசியம்மா கூட்டிப் போனாள். செடிகள் நசுங்கிக் காய்ந்த பழைய செய்தித்தாள்களை வெள்ளிக்கிழமை தோறும் ஒரு இரும்பு பீப்பாயில் போட்டு எரிப்பது வழக்கம். எரிப்பதும் அவள் வேலைதான்.

பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்த விசில் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணி, இங்க ஒரு மகப்பேறு மருத்துவமனை நடக்குது.”

பீப்பாயில் முக்கால் அளவு மழைத் தண்ணீர். மேலே கொசுப் புழுக்கள் கூட்டம் கூட்டமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. போன வியாழக்கிழமை பிடித்த மழை ஞாயிறு வரை விடவில்லை என்பது விசிலுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த நாலு நாளும் அண்ணன் வீட்டில் மொட்டை மாடித் துணிகளைக் காப்பாற்றும் பொறுப்பு அவனுடையது.

“வெள்ளிக்கிழமை எரிச்சீங்களா?” என்று கேட்டாள் அண்ணி.

“தண்ணியில எப்படிங்க எரிக்கிறது?” என்றாள் ஊசியம்மா. போன வாரத்துக் கழிவு முழுவதும் மாடிப்படிக்கு அடியில் கட்டுப் போட்டபடி கிடந்தது. கொண்டுபோய்க் காட்டினாள். மேல் கட்டில் கை வைத்தால் இன்னும் ஈரம்.

“இதை நீங்க உள்ள சொல்லலையாம்மா?” விசிலால் தாங்க முடியவில்லை. “ஒரே வரில முடிஞ்சிருக்குமே.”

“நான் தொலைக்கலைன்னு சொன்னேன். அதையே யாரும் கேக்கலை. எப்படித் தொலைக்கலைன்னு வேற விளக்கணுமா?” அவள் குரல் உயரவேயில்லை. “இருபத்தெட்டு வருஷம் தம்பி. ஒரு விதை உதிர்ந்தாக்கூடப் பொறுக்கிப் பொட்டலம் போட்டு ஒட்டியிருக்கேன். அவங்களுக்கு நான் சாட்சி தேடி ஓடணுமா?”

அண்ணி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தாளைப் பற்றி நினைவிருப்பதையெல்லாம் சொல்லச் சொன்னாள். ஊசியம்மாவுக்கு அவள் தைத்த தாள் ஒவ்வொன்றும் நினைவிருந்தது. வெள்ளைப் பூ, கடுகு அளவு. பூங்கொத்து மற்றதைப்போல ஒன்றாக இல்லை, இரட்டைச் சுருள். முதலில் தைத்தவருக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. கீழே சீட்டில் ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மாவின் பெயர், இன்ன குன்று, இன்ன தேதி என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி, லத்தீன். அது அவளுக்குப் படிக்கத் தெரியாது. தைத்து முடித்ததும் நேராகக் காப்பாளர் கையில் கொடுத்தாள். அவர் குழல்விளக்குக்கு அடியில் நின்று லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வாங்கி வைத்த டீ ஆடை கட்டிப் போயிற்று. பதிவேட்டில் திரும்பி வந்தது என்று எழுத வேண்டியது அவர்தான். எழுதிவிடுவார் என்று இவள் வந்துவிட்டாள்.

“வேலைன்னு வந்துட்டா மனுஷன் டீயையே மறந்துட்டார்,” என்றான் விசில். “பாவம். அவர் மேசையிலேருந்துதான் அந்த ஒலிபெருக்கி இயக்குநர் சுட்டிருக்கணும்.”

அண்ணி தொலைந்த பொருள் அலுவலகத்தில் தான் கண்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஒளித்து வைப்பதும் ஒரு பழக்கம்தான் என்றாள். தையல்காரர் ஒருவர் வீட்டுச் சாவியைத் தலையணை உறையின் மடிப்புக்குள் தைத்துவிட்டுத் தேடோ தேடென்று தேடினார். ஒரு நூலகர் தன் காதல் கடிதத்தைப் புத்தகத்துக்குள்தான் ஒளித்தார், அதிலும் காதல் கதை அடுக்கில். மனசு ஒளித்து வை என்று சொல்லும். கை தனக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் போகும்.

“செடிக்காரர் எங்க வைப்பார் அண்ணி? தொட்டியிலயா?”

“முதல்ல இதைச் சொல்லுங்க தம்பி. அந்தத் தாள் யாருக்கோ வேண்டாம். வேண்டாம்னா கிழிக்கலாம், எரிக்கலாம். அதுதானே சுலபம்?”

ஊசியம்மாதான் பதில் சொன்னாள். முதல் தடவையாக அவள் குரலில் அதிர்ச்சி.

“தாளையா? அதெப்படிங்க எரிப்பாங்க? சாருக்கே என்மேல அவ்வளவு கோபம் இருந்தும் எரிஞ்சுதுன்னு படிச்சப்ப அவர் கண்ணு கலங்கிடுச்சு. இங்க வேலை செய்யற யாரும் செய்ய மாட்டாங்க. கை வராது.”

“அப்ப இருக்கு,” என்றாள் அண்ணி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி. “எங்கேயோ பத்திரமா இருக்கு.”

மணி மூன்றரைக்கு எல்லோரும் கூடத்தில் நின்றார்கள். அண்ணி அழைத்தாள் என்று இயக்குநர் வந்திருந்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. காப்பாளர் மேலங்கியைக் கழற்றிவிட்டுப் புதுச் சட்டை போட்டிருந்தார். சட்டைப் பையில் உரையின் மடித்த தாள்கள். கீழே அரங்கில் நாற்காலிகள் இழுபடும் சத்தம், ஒலிவாங்கியை யாரோ தட்டிப் பார்க்கும் சத்தம். விசில் கதவுக்கு அருகில் போய் நின்றுகொண்டான். இயக்குநர் ஓடப் பார்த்தால் பிடிக்க வேண்டும். அவர் எடைக்குத் தன்னால் முடியுமா என்றுதான் கொஞ்சம் யோசனையாக இருந்தது.

முதலில் அண்ணி பீப்பாயைப் பற்றிச் சொன்னாள். மழையைச் சொன்னாள், மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் ஈரக் கட்டுகளைச் சொன்னாள். கடிதத்தில் இருக்கிற தீ எரியவே இல்லை. இயக்குநரின் வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து சத்தம் வராதது விசிலுக்கு அன்றைய முதல் ஆச்சரியம்.

“ஒரே ஒரு கேள்வி சார்,” என்றாள் அண்ணி. “தேள்கொடுக்குத் தாள் ஒண்ணை உங்க கையில குடுத்தா எந்த அலமாரில வைப்பீங்க?”

“இதென்ன கேள்வி? மூணாவது. போரேஜ் குடும்பம்.” குரல் திரும்பி வந்துவிட்டது. “முடி இருக்கு, சுருள் இருக்கு. நாலு பேர் புதுசா நாலு காகிதத்தைப் போட்டுட்டா குடும்பம் பிரிஞ்சிடுமா? நான் இங்க இருக்கிற வரைக்கும் அது ஒரே குடும்பம்தான். எழுதி வெச்சுக்குங்க.”

விசில் கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்த மனிதர் ஒளித்திருந்தால், கூட்டுக் குடும்பத்துக்குள்ளேயே நாலு அறை தள்ளித்தான் ஒளித்திருப்பார். ஆனால் மூன்றாவது அலமாரி முழுவதையும் ஊசியம்மா தாளைக் காணோம் என்ற அன்றே ஒன்று விடாமல் பார்த்துவிட்டாள். காலையிலிருந்து கட்டி வைத்திருந்த கோட்டை அவன் கண்முன்னே சரிந்தது.

காப்பாளரிடம் அண்ணி எதுவும் கேட்கவில்லை. அலமாரிகளின் வரிசையில் நடந்தாள். நாலு, ஏழு, பத்து. தேள்கொடுக்கின் லத்தீன் பெயரை மூன்றாவது அலமாரி உறையிலிருந்து குறித்து வைத்திருந்த சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் தலையிலும் ஒட்டியிருந்த குடும்பப் பெயர்களைப் படித்தாள். பதினேழாவதன் முன்னால் நின்றாள்.

“தேள்கொடுக்குத் தனிக்குடித்தனம் போனா, அந்தக் குடும்பத்துக்கு லத்தீன் பேர் என்ன எழுத்துல ஆரம்பிக்குமோ அந்த எழுத்து இங்கதான் இருக்கு. சரிதானே காப்பாளர் சார்?”

காப்பாளர் சட்டைப் பையிலிருந்த உரைத் தாள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி கதவைத் திறந்தாள். மேலிருந்து இரண்டாவது அறை. இரண்டு பழைய குடும்பங்களின் பெருத்த கட்டுகளுக்கு நடுவில், சரியாக அந்த எழுத்து வரிசை விழும் இடத்தில், மடிப்புக் கலையாத புது உறை ஒன்று இருந்தது. விளிம்பு விளிம்பாகத் தட்டி நேராக்கிய உறை. அதன் இடது மூலையில் மெல்லிய பென்சில் எழுத்தில் ஒரு குடும்பப் பெயர். அறிவிப்புப் பலகையில் இருந்த அதே அழகான கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு தாள். வெள்ளைப் பூ, இரட்டைச் சுருள், பச்சை நூலில் புது முடிச்சுகள்.

ஊசியம்மா சட்டையிலிருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“என் முடிச்சு,” என்றாள்.

இயக்குநர் தாளை வாங்கி, சீட்டின் கடைசியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் கழுத்து சிவந்தது. டீச்சரம்மா செடியைக் கண்டெடுத்ததோடு நிற்கவில்லை. பெயரும் வைத்திருக்கிறாள், ஒரு சின்னச் சஞ்சிகையில் வருணனையோடு அச்சிட்டும் இருக்கிறாள். சஞ்சிகையின் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் இருந்தது. செடிக்காரர்கள் உலகத்தில் முதலில் முறைப்படி வைத்த பெயர்தான் நிற்கும். இன்னும் கால் மணியில் கீழே மேடையில் இதே செடிக்குக் காப்பாளர் சூட்டப் போகிற பெயர் நாற்பது வருடம் தாமதம்.

விசில் காப்பாளரைப் பார்த்தான். காலையிலிருந்து இரக்கப்பட்டதையெல்லாம் திருப்பிக் கேட்க வேண்டும்போல இருந்தது.

“ஒளிக்கிறவர் ஏன் சார் உறைமேல விலாசம் எழுதணும்?” என்று கேட்டான். கிண்டலாகத் தொடங்கிய கேள்வி, முடியும்போது நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையாகிவிட்டது.

காப்பாளர் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே மெல்லிய குரலில், கொஞ்சமும் தலை குனியாமல் சொன்னார்:

“நான் ஒளிச்சு வைக்கலை. அது இருக்க வேண்டிய இடமே அதுதான்.”

கூட்டம் முடியும் வரைதான் என்று நினைத்தாராம். பெயர் அச்சேறிய பிறகு தாளைக் கண்டெடுத்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று இருந்தாராம். அக்காவுக்கு வேலை போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தக் கடிதம் என்றார். அக்கா என்ற சொல்லை அந்த நேரத்திலும் அவர் விடவில்லை.

“அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே என் கையால என் தலையில மண்ணை அள்ளிப் போட வெக்கப் பாத்தீங்க,” என்றாள் ஊசியம்மா.

கீழே அரங்கில் பேச்சும் இருமலும் நிறைந்துகொண்டிருந்தன. இயக்குநர் கடகடவென்று காரியத்தில் இறங்கினார். பழைய கடிதத்தை நாலாகக் கிழித்தார். ஊசியம்மாவுக்கு நாளை வேலை உண்டு, எந்தக் குறிப்பும் ஏறாது. காப்பாளருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை, ஆகவே உரை ஒத்திவைக்கப்படுகிறது. தாள் இடம் மாறியிருந்தது, கிடைத்துவிட்டது, யார்மேலும் தவறில்லை என்று இரண்டு வரி எழுதிவிடலாம். வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பேனாவைத் திறந்து எழுதியே முடித்துவிட்டார். சாட்சியாக ஒரு கையெழுத்து மட்டும் வேண்டும். தாளை ஊசியம்மா பக்கம் நகர்த்தினார். முகத்தில் தாராளம் வழிந்தது.

விசில் அண்ணியைப் பார்த்தான். அவர்கள் ஏற்ற வழக்கு முடிந்துவிட்டது. இவள் தொலைக்கவில்லை என்று காட்டியாகிவிட்டது. வேலையும் போகவில்லை. போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் நிம்மதியாகக் கழியும் என்று அவனுக்கே தோன்றியது. அண்ணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஊசியம்மா பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டு மூடினாள். இயக்குநரின் சட்டைப் பையில் அவளே செருகினாள்.

பிறகு பழைய தாளை, குழந்தையைத் தூக்குவதுபோல அடியில் ஒரு அட்டை கொடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். கூடத்தைக் கடந்தாள். படியிறங்கினாள். அவள் வேகத்துக்கு மற்றவர்கள் ஓட வேண்டியிருந்தது. யாரும் சொல்லாமலேயே விசில் முன்னால் பாய்ந்து வழி செய்துகொண்டே போனான். இயக்குநர் பின்னால் மூச்சு வாங்க, அம்மா, கொஞ்சம் நில்லுங்கம்மா, உள்ளே பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், நாளைக்குப் பேசலாம் என்று ஒவ்வொரு படியிலும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அரங்கின் இரட்டைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நூறு பேரின் சலசலப்பு. அவள் கைகள் இரண்டும் தாளில் இருந்தன. கதவைத் தொட முடியாது. திரும்பி இயக்குநரின் முகத்தைப் பார்த்தாள்.

“கதவைத் திறங்க சார். உள்ள இருக்கிறவங்களுக்கு இந்த டீச்சரம்மாவை அறிமுகப்படுத்தணும். நீங்க பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?”